காலரில் மாட்டிய மைக்

ஜூலை 8, செவ்வாய்

எட்டாம் வகுப்புக்குப் புதுத் திரை வந்துவிட்டது. சேலைமேல் போடும் கோட்டின் காலரில் மைக்கை மாட்டிக்கொண்டு நான் பேசினால், பேசியதெல்லாம் எழுத்தாக அதில் ஓடும். முதல் பெஞ்சில் இருக்கும் காது கேட்காத பெண்ணுக்காக. ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். நான் தும்மினால்கூட எழுதுவாள் போல.

ஜூலை 16

வேகமாகப் பேசினால் திரை உளறுகிறது. நிறுத்தி நிறுத்திப் பேசி எனக்கே தூக்கம் வருகிறது. பக்கத்துப் பிரிவில் நாலாவது பாடம். நான் இன்னும் இரண்டிலேயே. ஆண்டு முடிவதற்குள் எப்படி முடிப்பேன்?

ஜூலை 18

பாட நடுவில் வராந்தாவுக்குப் போய்க் கணக்கு வாத்தியாரிடம் கொட்டித் தீர்த்தேன். மனசு கொஞ்சம் லேசானது.

ஜூலை 21, திங்கள்

நோட்டு திருத்தினேன். பச்சையம், இலைத்துளை — அதற்குக் கீழே, அதே முத்து முத்தான கையெழுத்தில்:

"இவ ஒருத்திக்காக முப்பத்தாறு பேரும் நின்னு நின்னு போகணுமா சார். என்னால முடியல."

வெள்ளிக்கிழமை வராந்தாவில் நான் சொன்னது. மைக்கை அணைக்கவே இல்லை. அடிப்பாவி! வகுப்பே திரையில் படித்திருக்கிறது, ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பாடம் என்று நினைத்தா எழுதினாள்? இல்லை, நான் பார்க்கட்டும் என்றா?

சிவப்பு மையால் இதில் என்னத்தைத் திருத்துவது.

ஜூலை 23

அவள் அம்மா வந்திருந்தார். டி.சி. வேண்டுமாம். "வேற ஸ்கூலுக்குப் போறேங்கிறா மிஸ். ஏன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறா. நீங்க கேட்டா சொல்லுவா."

என்னைப் போய்! கேட்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோழை. சின்னப் பிள்ளை, மறந்துடுவா என்கிறார் கணக்கு வாத்தியார். எப்படி மறப்பாள்? எழுதி வைத்திருக்கிறாளே.

ஜூலை 24

அவள் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "அவகிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 25

சொன்னேன். மைக்கை மாட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும், அவளைப் பார்த்து.

"வராந்தாவுல நான் பேசினது தப்பு. குறை உங்கிட்ட இல்ல, எனக்குத்தான் பொறுமை இல்ல. மன்னிச்சிடும்மா."

திரையில் படித்தாள். பேனாவைத் தொடவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறவள் இதை மட்டும் ஏன் எழுதவில்லை?

ஜூலை 28

வரவில்லை. டி.சி. படிவம் மேசையில் கிடக்கிறது, என் கையெழுத்துக்காக.

ஜூலை 30, புதன்

வந்திருந்தாள். அதே முதல் பெஞ்ச். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை, மெதுவாகப் பாடத்தைத் தொடங்கினேன், அவள் எழுதினாள். பாதியில் கணக்கு வாத்தியார் வாசலில் நின்று கூப்பிட்டார். நான் வெளியே கால் வைப்பதற்குள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், மைக்."

அவளே எட்டி என் காலரிலிருந்த மைக்கின் பொத்தானை அழுத்தி அணைத்தாள். இனிப் போய்ப் பேசுங்கள் என்று வராந்தாவைக் கைகாட்டினாள். வகுப்பே சிரித்தது, அவளும்தான். வெளியே போய் நின்றேன். வாத்தியார் என்ன கேட்டார் என்பது ஒன்றும் நினைவில்லை.