மல்லாட்டை என்று கூப்பிட ஆளில்லை

அடியே நாத்தனாரே,

அடுப்பில் மல்லாட்டை வேகிறது. மண்ணும் உப்பும் கலந்த அந்த வாசனை கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது. நீ இருந்திருந்தால் தெருமுனையிலேயே மூக்கைத் தூக்கிக்கொண்டு, "எங்க அண்ணி குளிக்கிறா போல, வாசனை வருது" என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்திருப்பாய். இன்றைக்கு வாசலில் சத்தம் ஒன்றும் இல்லை. பால்காரர் வந்தார், "வணக்கம்மா" என்றார், போய்விட்டார்.

வேர்க்கடலைக்கு நம்ம பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். எனக்கும் அதுதான் பேர், நீ வைத்தது. அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட உலகத்தில் ஒருத்தி இருந்தாள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நீ போன பிறகு எல்லோரும் எனக்கு மரியாதை கொடுக்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, கொட்டுகிறார்கள். உன் மகன் வந்தால் "அத்தை, சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நின்றபடியே கிளம்பிவிடுவான். மாடியில் குடியிருக்கிற வெள்ளைக்காரப் பெண்கூட என்னைப் பார்த்தால் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, "அம்மா" என்கிறாள். நான் என்ன கோபுரமா, கும்பிட்டுவிட்டுப் போக? உன் அண்ணன் போனபோது வீடு வெறிச்சென்று ஆனது. நீ போனபோது நானே வெறிச்சென்று ஆகிவிட்டேன். கேலி பண்ண ஆளில்லாத மனுஷி பாதிப் பிணம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

முதல் முதலாக நீ என்னைக் கேலி பண்ணியது நலங்கில். நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மல்லாட்டை விளைகிற கொல்லைக்காட்டிலிருந்து வந்தவள், நீங்கள் திருவண்ணாமலை டவுன்காரர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, நீ எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாய். "எங்க அண்ணனுக்குப் பொண்ணு கேட்டுப் போனோம். மழை நேரம், இருட்டு. அவசரத்துல மல்லாட்டை மூட்டையத் தூக்கி மணவறையில வெச்சிட்டாங்க. தாலி கட்டுன பின்னாடிதான் பாத்தோம், மூட்டைக்கு மூக்குத்தி இருக்குது!" வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அதோடு விட்டாயா? "கரண்டு போனா அண்ணியத் தேடாதீங்க, சிரிக்கச் சொல்லுங்க, பல்லு தெரியும்" என்றாய்.

எனக்கு முகம் செத்துவிட்டது. கருப்பு, பட்டிக்காடு, குண்டு, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாயே பாவி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மா தொடையில் கிள்ளினாள். "வாய மூடிகினு இருக்காத. நாத்தனா கேலி பண்ணா திருப்பிக் குடுக்கணும். அதுக்குத்தான் முறைன்னு பேரு" என்றாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "டவுனு பொண்ணு பேசுது! தீபத்துக்குத் தீபம் சாமி பாக்க வர்றவங்களுக்குக் கக்கூஸ் வரைக்கும் வாடகைக்கு வுட்டுட்டு மொட்டமாடியில படுக்குறவங்கதான நீங்க?" என்றேன். உங்கள் அம்மா முகம் போன போக்கு! முதலில் சிரித்தது நீதான். தூக்கலான பல்லு அத்தனையும் தெரிய, தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "தேறிட்டா, அண்ணி தேறிட்டா" என்றாய்.

அன்றிலிருந்து நீ என் தோலைச் சொல்வாய், நான் உன் பல்லைச் சொல்வேன். நான் குழம்பு வைத்தால் "மாட்டுக்கு ஊத்திட்டியா, மிச்சமா எங்களுக்கு?" என்பாய். நீ புதுப் புடவை கட்டினால் "கொல்லை பொம்மைக்கு யார்டி புடவை கட்டுனது?" என்பேன். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை என்னைப் பார்த்து அதே கரண்டு வேடிக்கையைச் சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? ஒரு வார்த்தைகூட மாறவில்லை, உன்னிடமிருந்து கற்றதுதான். நீ குடத்தை டொப்பென்று கீழே வைத்தாய். "நான் சொல்றேன்னா நான் அவ நாத்தனா. நான் அவ தோலச் சொன்னா அவ என் பல்லச் சொல்லுவா. நீ எந்த முறையில சொன்ன?" அதன்பிறகு அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே பயந்தாள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இப்போது நீ கோபித்துக்கொள்ள முடியாது அல்லவா. உன் வாயிலிருந்து வந்தாலும் அந்தக் கருப்பு சில நாள் குத்தத்தான் செய்தது. கல்யாணம் ஆன புதிதில் கண்ணாடி முன்னால் பவுடர் டப்பாவை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். திருப்பிக் கொடுக்க முடிந்ததால் தாங்கினேன், அவ்வளவுதான்.

ஆனால் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்று என்னிடம் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. நீ என்னை எதையெல்லாமோ சொல்லியிருக்கிறாய், அந்தப் பக்கம் மட்டும் உன் வாய் போனதில்லை. நாம் அதைப் பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை.

அப்புறம் அடி அண்ணாமலை கிராமத்தில் உன் ஓரகத்தி மகளுக்கு வளைகாப்பு வந்தது. எல்லோரும் வரிசையாக வளையல் போட்டார்கள். என் முறை வந்தபோது நானும் கையில் இரண்டு வளையலை எடுத்துக்கொண்டு மணைக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு கிழவி, கெட்டவள் ஒன்றும் இல்லை, "நீ அப்புறமாப் போடும்மா. மொதல்ல புள்ள பெத்தவங்க போடட்டும்" என்றாள். அத்தனை பேரும் வாயடைத்துப்போனார்கள். அந்தப் பெண் நீட்டிய கையை மடக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தது. அப்போது பின்னாலிருந்து உன் குரல் வந்தது. "ஏன், எங்க அண்ணி கைக்கு என்ன கொறச்சல்? மல்லாட்டைக் கொல்லை நல்ல கொல்லைதான். எங்க அண்ணன்தான் வெதைக்கத் தெரியாத ஆளு!"

சிரிப்பென்றால் சிரிப்பு. கிழவிகூடப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். நான் வளையலைப் போட்டேன், யாரும் தடுக்கவில்லை. போட்டுவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல், தனியாக ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வயிறும் உன் அண்ணன் படுக்கையும் பந்தியில் பரிமாறின மாதிரி ஆகிவிட்டதே என்று அழுதேன். உன் அண்ணன் "என்னடி ஆச்சு?" என்று கேட்டார். தலைவலி என்றேன்.

மறுநாள் நீ வந்தாய். கதவைத் தட்டிவிட்டு வந்தாய், அதுவே புதிது. "காபி குடிச்சீங்களா அண்ணி?" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மன்னிப்பு கேட்க உனக்குத் தெரியாது, உன் பரம்பரைக்கே தெரியாது. அதற்குப் பதில் கேலியை நிறுத்திவிட்டாய். அந்த மாசம், அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம், நீ என்னை ஒன்றுமே சொல்லவில்லை. ஒருநாள் உப்பே இல்லாத குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்குங்க அண்ணி" என்றாய் பார், அந்த வளைகாப்பில் அழுததைவிட அன்றைக்கு அதிகமாக அழுதேன். உனக்கு நான் யாரோ மூன்றாம் மனுஷி ஆகிவிட்டேன். என்னிடம் தொட்டுப் பேச ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிட்டாயா, இல்லை என்னை நோயாளி என்று ஒதுக்கிவிட்டாயா என்று எனக்கு விளங்கவே இல்லை.

கார்த்திகை தீபம் வந்தது. வழக்கம்போல அறைகளையெல்லாம் யாத்ரீகர்களுக்கு விட்டுவிட்டு, நாம் இரண்டு பேரும் சமையலறையில் ஒண்டிக்கொண்டு பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். கையெல்லாம் வெல்லப் பாகு. நீ குனிந்த தலை நிமிராமல் உருட்டிக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்டி, நீ சிரிச்சு எவ்ளோ நாளாச்சு. அந்தப் பல்லு உள்ளயே கெடந்து துருப்பிடிச்சிடப் போவுது. காத்தாட வெளிய வுடு" என்றேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். அப்புறம் பாகுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாய். முகமெல்லாம் வெல்லம். "மல்லாட்டை, உனுக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சுடி" என்றாய் அழுகைக்கு நடுவில். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அன்னிக்கி நீ சொன்னது எனக்கு வலிச்சுது" என்று சொன்னேன்.

"தெரியும். அவங்க உன்ன ஒதுக்குனாங்க, எனக்குத் தாங்கல. சிரிப்புக் காட்டிட்டா வழி வுட்ருவாங்கன்னு பாத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறந்தான் திரும்பிப் பாத்தேன், சிரிச்சவங்கள்ல நீ இல்ல."

அவ்வளவுதான் பேசினோம். அன்றிலிருந்து உனக்கு ஒரு பழக்கம் வந்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், நான் கவனித்தேன். என்னைச் சொல்வதற்கு முன்னால் உன் கண் ஒரு தடவை என் முகத்துக்கு வந்துவிட்டுப் போகும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதுபோல. நான் சரியாக இருந்தால் அடி விழும். இல்லையென்றால் "அண்ணி, மோர் இருக்கா?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். அதன்பிறகு உன் கேலி ஒன்றுகூட என்னைக் குத்தியதில்லை. கருப்பு உட்பட.

கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாயே, மருந்தில் முடியெல்லாம் கொட்டி, தலை வழவழவென்று. உன் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நீ என் முகத்தைப் பார்த்தாய். நெடுநேரம் பார்த்தாய். நான் அழமாட்டேன் என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தாய். "பாத்தியா அண்ணி. கடைசியில உரிச்ச மல்லாட்டை நானு." நான் சிரித்தேன். நர்ஸ் வந்து திட்டுகிற அளவுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் உனக்கு வழிச்சோறாகக் கட்டிக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று உன் மருமகளுக்கு வளைகாப்பு. உன் மகன் காரில் வந்து அழைத்துப் போனான். முன்வரிசையில், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கையில் ஜூஸ் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாதவள், இப்போது தாலியும் இல்லாதவள், வளையல் போடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் எல்லாமே மரியாதையாக நடக்கிறது.

எல்லோரும் போட்டு முடித்த பிறகு உன் மருமகள் என்னைத் தேடினாள். "அத்தை, நீங்க போடலையா?" என்றாள். வந்தது பார் அந்த மௌனம், அடி அண்ணாமலையில் வந்த அதே மௌனம். உன் மகன் ஜூஸ் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதை உடைக்க நீ இல்லையே. அந்த மௌனத்தைச் சகிக்க முடியாமல்தானே அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னாய் என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. சரி, நானே சொல்வோம் என்று, "என் கை பட்டா வளையலு கருத்துடும்னு பாக்கறீங்களா?" என்றேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. "ஐயய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்கம்மா" என்றார்கள். உன் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படிச் சொல்லாதீங்க அத்தை. உங்க கலருக்கு என்ன? நீங்க அழகுதான்" என்றாள். நல்ல பெண். அவள் சொன்னது சரிதான். பவுடர் டப்பாவோடு நான் நின்ற நாளில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இரண்டு வளையல் போட்டேன், அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் நாத்தனாரே, அத்தனை பேருக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

இன்றைக்குக் காலையில் அவள் போன் பண்ணினாள். "அத்தை, வேகவெச்ச மல்லாட்டை சாப்பிடணும்போல இருக்கு." அதற்குத்தான் இந்த அடுப்பு. அவள் வேலூர்க்காரி, அந்த ஊர் வெயிலை வைத்து நாலு வார்த்தை சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. ஆனால் புருஷனைப் பார்த்து அத்தை என்கிறாளே தவிர, அவள் எனக்கு மகள் முறை. மகளை அதட்டலாம், கேலி பண்ண முறையில்லை. அவளும் என்னைச் சொல்ல மாட்டாள். ஒவ்வொருத்தராக எண்ணிப் பார்த்துவிட்டேன், என்னைக் கேலி பண்ண முறையுள்ளவர்கள் யாரும் மிச்சமில்லை.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த வரி எழுதும்வரை.

அவள் வயிற்றில் இருப்பது எனக்குப் பேரப்பிள்ளையடி. பேரப்பிள்ளைக்கு இல்லாத கேலியா? அது வரட்டும். பேச ஆரம்பிக்கட்டும். ஊரே அத்தை, அம்மா என்று கும்பிட்டாலும் அதன் வாயில் நான் மல்லாட்டைதான், சொல்லிக் கொடுத்துவிடுவேன். அதைச் சொல்வதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக் கொடுப்பேன். உனக்கு இதை யார் கற்றுக் கொடுத்தது என்று அது கேட்டால் உன் பல்லைப் பற்றிச் சொல்வேன்.

அதுவரைக்கும் இந்த மரியாதையைப் பொறுத்துக்கொண்டு இருக்கிறேன். மல்லாட்டை வெந்துவிட்டது. வாசலில் கார் சத்தம் கேட்கிறது, உன் மருமகள்தான். இப்போது உள்ளே வந்து, "சாப்டீங்களா அத்தை?" என்று கேட்பாள்.