மோட்டார் மேல் குற்றமில்லை

மாமாவுக்கு ரேணுகா வணங்கி எழுதுவது. மூச்சிரைப்பு தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். திருப்பூரில் நான் நன்றாக இருக்கிறேன்.

திங்கட்கிழமை எங்கள் கம்பெனியில் இடி விழுந்தது. பயப்படாதீர்கள், டிரான்ஸ்பார்மர்கூட எரியவில்லை. எப்படி என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டேன். "மேல இடிதாங்கி இருக்குக்கா. அது மின்னலை எர்த் கம்பி வழியா மண்ணுக்குள்ள இறக்கிரும். கம்பி இல்லேன்னா டிரான்ஸ்பார்மர் உள்ளுக்குள்ள கருகிரும்" என்றார்.

அப்போதிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, மாமா. போன மாசி மஞ்சுவிரட்டுக்கு, மாட்டுக் காலில் சிக்கும் என்று ஊர் டிரான்ஸ்பார்மரின் எர்த் கம்பியை நம் ஊர்க்காரர்கள்தானே வெட்டினார்கள்? சித்திரையில் இடிமழை ராத்திரி டிரான்ஸ்பார்மர் எரிந்ததும், லோடு தாங்காமல்தான் எரிந்தது என்று நினைத்து, "கிணத்துல புது மோட்டாரைப் போட்டு ஊரையே இருட்டாக்கிட்டீகளே" என்று உங்கள் மகனைத்தான் ஏசினார்கள். நானும், "வேணாம்னு சொன்னேனே, கேட்டீகளா?" என்றேன். அவர் ஆவணியில் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

மறுபடி மாசி வருகிறது. புது டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி இருக்கிறதா என்று கொழுந்தன் மருதுபாண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட வேண்டாம், கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுக்கட்டும். மோட்டாரை விற்றுவிடாதீர்கள். அவருடைய துவைக்காத சட்டை ஏதும் கிடந்தால் கொடுத்துவிடுங்கள்.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போகிறேன். அவர் மேல் தப்பில்லை என்று ஊருக்கு நீங்கள் சொல்லுங்கள், மாமா. அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

ரேணுகா