தர்ஷினியின் முட்டியும் உன் வேண்டுதலும்

என் செல்ல அக்கா,

நீ இருக்குமிடத்தில் இப்போது யாரை அதட்டிக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேள். உன் மகளுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதமாகிறது. நன்றாக நடக்கிறாள். வில்லங்கமே அதில்தான்.

ஃபுட்சால் பந்து ஆடி முட்டிக்குள் ஜவ்வை அறுத்துக்கொண்டு வந்தாளே, அன்றே நீ எஸ்டேட் மாரியம்மன் வாசலில் நின்று வேண்டிக்கொண்டாய், கால் குணமானதும் பிள்ளை தீ மிதிப்பாள் என்று. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் அவள் முறை வருவதற்குள் நீ போய்விட்டாய். போன திருவிழாவைத் துக்கம் என்று விட்டோம். இந்த முறை மச்சான் பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்குப் போய் மகளுக்கு மஞ்சள் புடவையே வாங்கி வந்துவிட்டார்.

"வலி இல்ல, வீக்கம் இல்ல, அப்புறம் என்னடா? உங்கக்கா வேண்டுனத இன்னும் எத்தன வருசம் தள்றது?" என்றார். தர்ஷினியும் அப்பா பக்கம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கங்கில் கால் புதையும். பின்னால் வருகிறவர் இடிப்பார். ஓடிப்போய்த்தான் கடைசியில் கால் நனைக்கிற பால் குழியில் இறங்கவேண்டும். அப்பனையும் மகளையும் காரில் ஏற்றி, ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

"தொடையிலேருந்து எடுத்து வெச்ச தசைநாண் நல்ல பலமாத்தான் இருக்கு," என்றார் அவர். "ஆனா எலும்புல ஓட்ட போட்டு, அத ஸ்குரூ வெச்சு இறுக்கியிருக்கோம். கீழ்க்கால் எலும்பு கொஞ்சம் மெது, அங்கதான் பிடி கம்மி. ஒரு முறுக்கு முறுக்குனா நாண் அறாது, ஸ்குரூவ விட்டு வழுக்கிடும். எலும்பு வளந்து அத கவ்விப் பிடிக்கணும், அதுக்கு மாசக்கணக்காகும். ஈரச் சிமெண்டுல ஆணி அடிச்சு யாராச்சும் தொட்டில் கட்டுவாங்களா?"

"வலிக்கலையே டாக்டர்," என்று மச்சான் இழுத்தார்.

"வலி போனப்புறம்தான் எல்லாரும் குதிப்பாங்க லா. எனக்கு அந்த நேரம்தான் பயம்."

கழன்றால் என்ன ஆகும் என்று தர்ஷினி கேட்டாள். மறுபடி அறுக்கவேண்டும், வேறு இடத்திலிருந்து நாண் எடுக்கவேண்டும் என்றார். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது.

திரும்பும்போது மச்சான் கோயில் வாசலில் நிறுத்தச் சொன்னார். பூசாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"குணமானதும்னுதானே தங்கச்சி வேண்டுனிச்சு?" என்றார் பூசாரி. "இன்னும் குணமாகலன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. ஒரு காச மஞ்சத் துணில முடிஞ்சு வெச்சுட்டுப் போங்க. ஆத்தா காத்திருப்பா."

மச்சானுக்கு முடிச்சே விழவில்லை. நான் உதவப் போனேன். "விடுடா, என் பொண்டாட்டி வேண்டுதல்," என்று தட்டிவிட்டார். இத்தனை நாள் அழாத மனிதர், முடிந்து முடிப்பதற்குள் அழுதுவிட்டார். நீ பார்த்தாயா அக்கா?

நேற்றுத் திருவிழா. தர்ஷினி முட்டியில் பட்டை மாட்டிக்கொண்டு, பூக்குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றாள். போலீஸ்காரன் மாதிரி நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தீ மிதிப்பவர்கள் ஒவ்வொருவராய் இறங்க, அவள் கண் கலங்கியது. மிதிக்க முடியவில்லையே என்ற ஏக்கம் என்று நினைத்து, சமாதானம் சொல்ல வாயெடுத்தேன்.

"அது இல்ல மாமா," என்றாள். "நான் இன்னிக்கு மிதிச்சிருந்தா, அம்மா எனக்காக சாமிகிட்ட கேட்டது எல்லாம் முடிஞ்சு போயிருக்கும்ல? இப்ப இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டேன். நீ இல்லாதது அந்தக் கூட்டத்தில் அப்படி வலித்தது.

டாக்டரம்மா சரி என்று சொல்லும் நாள் வரட்டும். அன்று உன் மகளை நானே பூக்குழிவரை கூட்டிப்போகிறேன். அதுவரை ஒரு படிகூடத் தாவ விடமாட்டேன். இது சத்தியம். நீயும் அவளுக்காகக் கேட்பதை நிறுத்திவிடாதே.

உன்னிடம் குட்டு வாங்கி வளர்ந்த தம்பி,
உன் மகளின் தாய்மாமன்
மணி