முன்வாசல் விளக்கை மட்டும் விட்டுவிடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் சுகம்தான், முழங்கை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பதறாதே, காரணம் கீழே வருகிறது. போனில் சொன்னால் பாதியிலேயே சரிப்பா சரிப்பா என்பாய், அதனால்தான் காகிதம்.

நான் இருட்டில் சுவிட்ச் தேடித் தடுக்கி விழக் கூடாது என்று ஆள் வைத்து டைமர் மாட்டிக்கொடுத்தாய். நல்ல எண்ணம்தான். வீட்டு விளக்கு அத்தனையின் சுமையையும் சின்ன டைமர் தாங்காதாம், அதனால் ஸ்டோர் ரூமின் வெளிச்சுவரில் பெட்டி வைத்து கான்டாக்டரும் போட்டிருக்கிறார் எலக்ட்ரீஷியன். பொழுது சாய்ந்ததும் டைமர் உத்தரவு போடும், கான்டாக்டர் டக்கென்று இழுத்து எல்லாவற்றையும் எரியவிடும். சுவிட்ச் இருந்த இடமெல்லாம் வெள்ளை மூடி. இப்போது வீட்டுக்கு எசமான் அந்தப் பெட்டிதான், நான் குடியிருப்பவன்.

போன வாரம் குடை எடுக்க ஸ்டோர் ரூமுக்குள் போனேன், காற்றில் கதவு சாத்திக்கொண்டது, இழுத்தால் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. போன் கூடத்தில். முழங்கையால் கதவை இடித்துப் பார்த்தேன், கத்தினேன், தெருவுக்குக் கேட்கவில்லை. சரி, இருட்டட்டும், எதிர்வீட்டு டைலரம்மா வருவார் என்று உட்கார்ந்தேன். உன் அம்மா போனதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம், என் முன்வாசல் விளக்கு எரியவில்லை என்றால் தையலைப் போட்டுவிட்டு வந்து என்னாச்சுண்ணே என்பார். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் டக் என்றது. கதவிடுக்கில் வெளிச்சம். வீடே ஜெகஜ்ஜோதியாக எரிகிறது கண்ணு, இனி யார் வருவார்கள். நீ போன் அடித்ததும் கேட்டது, அடித்து அடித்து ஓய்ந்தது. படுக்கும் நேரத்துக்கு இன்னொரு டக், எனக்குப் பதில் பெட்டியே படுக்கப் போய்விட்டது. அழுதேன், சொல்ல வெட்கமில்லை. விடிந்தும் பால் பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துத்தான் டைலரம்மா ஆள் கூட்டிவந்து திறந்தார். லைட்டு எரிஞ்சுதேண்ணே, நல்லாத்தான் இருக்கீங்கன்னு நெனச்சுட்டேனே என்று அவரும் அழுதார். மறுநாள் நீ கேட்டபோது தூங்கிவிட்டேன் என்று புளுகினேன், உண்மையைச் சொன்னால் கேமராவும் மாட்டிவிடுவாய்.

முன்வாசல் விளக்கை மட்டும் கான்டாக்டரிலிருந்து பிரித்துப் பழையபடி சுவிட்சில் கொடுங்கள் என்றால் எலக்ட்ரீஷியன் அசைய மாட்டேன் என்கிறார். அப்பா என்ன சொன்னாலும் மாத்தாதீங்கன்னு அக்கா சொல்லியிருக்காங்க, அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும் என்கிறார். என் வீட்டு விளக்குக்கு நான் சிபாரிசு பிடிக்க வேண்டியிருக்கிறது பார்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள விடாதே, குட்டிக்கு என் முத்தம், எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். அந்த ஒரு வார்த்தையை மறக்காமல் சொல்லிவிடு. அதுவரை பொழுது சாய்ந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன், டைலரம்மா வாசலில் வந்து அண்ணே என்று கூப்பிட்ட பிறகுதான் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா