என்னைக் கேட்காமல் எழுதிய அத்தியாயம்

ஜூலை 9, புதன்

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கும் படிப்புக்கும் திருப்போரூர் முருகனிடம் சொல்லியிருக்கிறேன். ஹைதராபாத் விடுதிச் சாப்பாட்டில் காரம் அதிகம் என்றாயே, தினமும் மோர் வாங்கிக் குடி. நலம் விசாரித்தது போதும். எனக்கு உன்மேல் கோபம். போனில் ஆரம்பித்தால் 'அப்புறம் பேசறேம்மா' என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பத்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் எம்.ஏ. படிக்கிற நீ திருத்திக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கூடப் படித்த திவ்யா வந்தாள். ஊரில் எத்தனை தெரு, எத்தனை குழாய் என்று சரிபார்க்கச் சொல்லி உன் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறாய். அவள் ஊராட்சி ஆபீசிலேயே என் எதிரில் உட்கார்ந்து விவரம் கேட்டாள். மீதியில் என்ன இருக்கிறது, தமிழில் சொல் என்றேன். பாதியில் நிறுத்தி, 'வேணாம் அத்தை, வுடு' என்றாள். நான் விடவில்லை.

என் பெயரை எடுத்துவிட்டு 'தலைவர் அ' என்று போட்டிருக்கிறாய். உங்கள் படிப்பில் அது வழக்கமாம், இருக்கட்டும். அந்த அ என்கிறவள் கிராம சபையில் சொந்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்றும், முடிவெல்லாம் கணவர்தான் எடுக்கிறார் என்றும், கையெழுத்துப் போடுவது மட்டுமே அவள் வேலை என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு ஆதாரமாக மே ஒன்றாம் தேதி கூட்டத்தில் நான் சொன்ன 'வூட்டுக்காரர கேட்டு சொல்றேன்' என்ற வார்த்தையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாய். கேட்டதும் எனக்கு முகம் எரிந்தது.

அன்றைக்கு எதைக் கேட்டதற்கு அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியுமா? ஏரிக்கு வரும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மனை போடுகிறார்கள். லாரி போய்வரக் கால்வாயில் குழாய் புதைத்து மேலே பாதை போட வேண்டுமாம். ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று துணைத் தலைவர் கோபாலகிருஷ்ணன் மார்ச் மாதமே தீர்மானம் எழுதி வைத்துவிட்டார். அதில் என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்தக் குழாய் வழியாக மழைத் தண்ணீர் போகாது, செல்வி. திரும்பி நம் தெருவுக்குள்தான் வரும். போன வருஷப் புயலில் கால்வாய் திறந்து கிடந்தபோதே நம் கட்டில் கால் முழுகியது. அந்தத் தீர்மானத்துக்குத்தான் நான்கு மாதமாகக் கையெழுத்துப் போடாமல் இருக்கிறேன்.

கூட்டத்திலேயே எதிர்த்துப் பேச வேண்டியதுதானே என்பாய். பேசிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை வாயைத் திறந்ததற்கு முப்பது பேர் எழுந்து நின்றார்கள். கோபாலகிருஷ்ணன் வயலில் நாற்று நட்டவள் நான். இன்றைக்கும் ஆபீசில் அவர் என்னை 'இன்னா பொன்னி' என்றுதான் கூப்பிடுகிறார், தலைவர் என்ற சொல் அவர் வாயில் வராது. போட மாட்டேன் என்று நேராகச் சொன்னால் அன்றைக்கே சண்டை. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றால், பொம்பளை, அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிடுகிறார்கள். அப்பாவிடம் போய்க் கேட்டால், 'அவளுக்கு மேலுக்கு முடியல, அடுத்த வாரம் பாக்கலாம்' என்கிறார். இப்படியே வாரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறோம். ஊரையே நம்ப வைத்தேன். பெற்ற மகளும் நம்பி, அதை ஹைதராபாத்துக்கு எழுதிக்கொண்டு போவாள் என்று நினைக்கவில்லை.

கோபாலகிருஷ்ணன் சும்மா இருப்பாரா? ஊராட்சிப் பணம் எடுக்க நானும் அவரும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் தீர்மானத்தில் போடவில்லை என்று அவர் பணத்துக்குப் போடுவதில்லை. நம் தெரு மோட்டார் எரிந்து ஆறு வாரமாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு தெய்வநாயகி காலிக் குடத்தோடு வந்து, 'நீ தலைவியா கீற, எங்களுக்கு இன்னா பிரயோஜனம்' என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அவளிடம் உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இப்போது என் பதவியைப் பறிக்க மனு கொடுத்திருக்கிறார்கள். தலைவர் செயல்படவில்லை, கணவர்தான் ஊராட்சியை நடத்துகிறார் என்று மனுவில் இருக்கிறது. நீ எழுதியதும் அதேதான், நடைதான் வேறு. ஜூலை 28ஆம் தேதி செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்கு வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நீ 25ஆம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்கப் போவதாகத் திவ்யா சொன்னாள். பெற்ற மகளே எழுதிவிட்டாள் என்று அவர்கள் அதை எடுத்து நீட்டினால் நான் என்ன விளக்கம் சொல்வது? நான் போய்விட்டால் மறுநாளே அந்தத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து விழும். ஐப்பசியில் தண்ணீர் நம் வாசலில் நிற்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. முதல் ஆறு மாதம் அப்பா விரல் வைத்த இடத்தில் எல்லாம் படிக்காமல் போட்டேன். வடக்குத் தெருவில் பத்து விளக்குப் போட்டதாகக் காகிதத்தில் இருந்தது, எரிந்தது ஆறு. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஒவ்வொரு தாளையும் வரி விடாமல் படித்துவிட்டுப் போடுகிறேன். அப்பாவுக்கும் எனக்கும் இதில் பெரிய சண்டை நடந்தது, பத்து நாள் பேச்சு இல்லை. அந்த ஆறு மாதத்தை நீ தாராளமாக எழுது. பொய்யாக என்னைப் பெரிய ஆளாக்க வேண்டாம்.

என் வயிற்றெரிச்சல் வேறு. மே மாதம் நான்கு நாள் வந்து தங்கினாய். கையில் இருபத்தேழு கேள்வி அச்சடித்த தாள். கோபாலகிருஷ்ணனைக் கேட்டாய், செயலரைக் கேட்டாய், வார்டு உறுப்பினர்களைக் கேட்டாய். அப்பாவிடம் முக்கால் மணி நேரம் பேசினாய். அவர் இன்னும், 'நம்ம பேட்டி ஐதராபாத்து போய்கினு கீது' என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார். என்னிடம் என்ன கேட்டாய், யோசித்துப் பார். இன்னும் கொஞ்சம் மீன் குழம்பு இருக்கா என்று கேட்டாய். சார்ஜர் எங்கே என்று கேட்டாய். மக்களாட்சியைப் படிக்கிறவள் ஊரில் ஓட்டு வாங்கி ஜெயித்த ஒருத்தியை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் கேட்டுவிட்டுப் போய்விட்டாய். அம்மாதானே, அவளைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தாயா? கோபாலகிருஷ்ணனும் அப்படித்தான் நினைக்கிறார்.

28ஆம் தேதி எனக்குப் பதிலாகப் பேச உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்காகப் பேச ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே நானே பேசிக்கொள்வேன், சட்டப் பிரிவு எண் மட்டும் எழுதிக் கொடு. 25ஆம் தேதிக்கு முன்னால் இரண்டு நாள் வந்துவிட்டுப் போ. நைட் பஸ்சில் ஏறாதே, ரயிலில் வா. உன் பேராசிரியர் திட்டினால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

திவ்யாவிடம் உன் கேள்வித்தாள் ஒன்று வாங்கி, மூன்று நாளாக உட்கார்ந்து நானே நிரப்பி, இதோடு வைத்திருக்கிறேன். இருபத்தேழுக்கும் பதில் இருக்கிறது. இடம் போதாததற்குப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ நன்றாகப் படித்துப் பெரிய அதிகாரியாக வரவேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றம் இல்லை, நல்லா இரு. தாளின் கடைசியில் 'பதிலளிப்பவர் கையொப்பம்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நீ வந்து, என் எதிரில் உட்கார்ந்து, முதல் கேள்வியிலிருந்து என்னைக் கேள். கேட்டு முடித்த பிறகு போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னி