கௌபாய்களைக் கொங்குத் தமிழ் பேச வைத்தவருக்கு

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பேக்கரியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து பப்ஸ் தட்டு வெளியே வந்திருந்தது. அந்தச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அது போதாதென்று பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கையில் செல்போனை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். பழைய கௌபாய் படங்களை மறுபடி எடுக்கலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. தொடவே கூடாது என்றான் ஒருவன். எடுத்தால்தான் எங்களை மாதிரி ஆட்கள் பார்ப்பார்கள் என்றான் இன்னொருவன். பிறகு என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க சார், நீங்க சொல்லுங்க. நீங்கெல்லாம் அதையத் தியேட்டர்லயே பார்த்திருப்பீங்க" என்றான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு என் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பழக்க தோஷம். அங்கே ஒரு பைக் நின்றிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் போய் நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. நமக்குள் பேச்சு நின்றுபோய் இருபத்தைந்து வருடத்துக்கும் மேல். முதலாவதற்கு நான் பொறுப்பில்லை. இரண்டாவதற்கு நான் ஒருவன்தான் பொறுப்பு. அதை உங்களிடம் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டு, இப்போது கடிதம் எழுதுகிறேன். என் புத்தி எப்போதும் இப்படித்தான் தாமதமாக வேலை செய்யும். கம்பெனி ஸ்டோர்ஸில் சரக்குத் தீர்ந்த பிறகு ஆர்டர் போடுகிற ஆள் என்று நீங்களே கிண்டல் செய்வீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பீளமேட்டு மோட்டார் கம்பெனியில் நீங்கள் வைண்டிங் பிரிவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தீர்கள், நான் ஸ்டோர்ஸில் பேரிங்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைவிட இரண்டே வயது மூத்தவர், அதனால் அண்ணா. அந்தக் கம்பெனியிலேயே கௌபாய் படப் பைத்தியம் பிடித்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். ஞாயிறு காலைக் காட்சிக்குத் தேய்ந்துபோன பழைய ஆங்கிலப் படம் எது வந்தாலும் போய் உட்கார்ந்துவிடுவோம். மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த திரை, நடுவில் காணாமல் போன ரீல், தலைக்கு மேல் கரகரவென்று ஃபேன். நீங்கள் எப்போதும் என் இடப்பக்கம்.

முதல் படம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருவன் குதிரையில் ஊருக்குள் நுழைகிறான், கடை வாசலில் நிற்கிறவன் ஏதோ கேட்கிறான். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. "என்னங்ணா கேக்கறான்?" என்றேன். நீங்கள் ஒரு நொடி யோசித்தீர்கள். பிறகு என் காதருகே குனிந்து, "ஏனுங்க, ஊருக்குப் புதுசுங்ளான்னு கேக்கறான் தம்பி" என்றீர்கள்.

நம் கொங்குப் பக்கத்தில் ஒருவர் மரியாதையாகக் கேட்டுவிட்டால் தெரியாது என்று சொல்ல வாய் வராது. வழி கேட்டு வருகிறவருக்குப் போகாத ஊருக்குக்கூட ஒரு பஸ் நம்பர் சொல்லித்தான் அனுப்புவோம். உங்களுக்கும் அதுதான் நடந்தது. ஒரு வசனம் சொன்னீர்கள், அடுத்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று, அப்படியே நாலைந்து வருடம் ஓடிவிட்டது. நானும் சந்தேகப்படவில்லை. நீங்கள் கண்ணாடி போட்டிருந்தீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

எப்படிப்பட்ட வசனங்கள், அண்ணா! உங்கள் அமெரிக்காவில் ஒருவரை ஒருவர் சுடுவதற்கு முன்னால்கூட மரியாதை கெடாது. "துப்பாக்கியக் கீழ வெச்சுப்போடுங்க. வெக்கலீனா சுட்டுப்போடுவனுங்க." கொள்ளைக்காரன் பாங்கில் நுழைந்து, "சித்த சீக்கிரம் குடுத்தனுப்புங்க, குதிரை வெயில்ல நிக்குது" என்பான். காணாமல் போன ரீலுக்கும் உங்களிடம் கதை இருந்தது. ஒரு காட்சியில் நல்லா இருந்தவன் அடுத்த காட்சியில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால், "நடுவால கெணத்துல தவறி உழுந்துட்டான் தம்பி, அதைய வெட்டிப்போட்டாங்க" என்பீர்கள். முன் வரிசையில் இருப்பவர்கள் காட்சியை விட்டுவிட்டுப் பின்பக்கம் காது கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நம் இரண்டு பேருக்கும் உயிர் என்றால் கிணத்துப் படம்தான். அதன் பெயர் என்னவோ, நமக்கு அது கிணத்துப் படம். அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவில் ஒரே ஒரு கிணறு, சுற்றிலும் வறண்ட காடு. கிணற்றுத் தகராறு நமக்குத் தெரியாததா? கடைசியில் அண்ணன்காரன் குதிரையைத் திருப்பி நிறுத்தி, தம்பியைப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டுப் போவான். நீங்கள் சொன்னது இது: "கெணறு உனக்கே இருக்கட்டும் கண்ணு. ஒரு கொடம் தண்ணி மட்டும் குடு, குதிரைக்குக் காட்டிப்போட்டு நான் போறேன்." மூன்று தடவை பார்த்தோம். மூன்று தடவையும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவீர்கள்.

அதற்குள் நான் பெரிய மனுஷன் ஆகத் தொடங்கியிருந்தேன். கேட்லாக் படிக்கத் தெரிந்தால் ஆபீஸுக்குள் மேசை கிடைக்கும் என்று காந்திபுரத்தில் சாயங்காலம் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வருடத்தில் காது கொஞ்சம் திறந்தது. வீடியோ கடையில் கிணத்துப் படத்தின் கேசட் கிடைத்தது. உங்களிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய், ஓட்டி நிறுத்தி, திருப்பி ஓட்டி, ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். அண்ணன்காரன் ஒரு குடம் தண்ணீர் கேட்கவே இல்லை. மறுபடி என் கண்ணில் பட்டால் உன்னைக் கொன்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் வசனம். நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைகூட அந்தப் படத்தில் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. மூன்று தடவை அழ வைத்து ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். ஆங்கிலம் வந்தவுடன் முதலில் என்னிடமிருந்து போனது நகைச்சுவை. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல்தான் இருந்தேன், அந்த ஞாயிறு வரைக்கும்.

படம் விட்டு வழக்கம்போல் பேக்கரியில் நின்றோம். வீடியோ கடைக்காரரும் இருந்தார், கூட நாலைந்து படப் பைத்தியங்கள். "கெணத்துப் படத்த அமெரிக்காவுல மறுபடி எடுக்கறாங்களாமா, பேப்பர்ல போட்டிருக்குதுங்க" என்று அவர்தான் ஆரம்பித்தார். அவ்வளவுதான், பேக்கரி இரண்டாகப் பிரிந்துவிட்டது. எடுக்கக் கூடாது என்பவர்களுக்கு நீங்கள் தலைவர். "கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த மாப்பிள்ளைக்கு மறுக்கா நலங்கு வெப்பாங்ளா? கதைய எடுத்துப்போடலாமுங்க. அந்த ஆளுங்கள எங்க போய்க் கொண்டாருவாங்க? அந்த வெயில எங்க கொண்டாருவாங்க?" என்றீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

எனக்கு அந்தத் தலையாட்டல் பொறுக்கவில்லை. "பழைய படம் ஒரே கோடு, சத்தம் கேக்கறதில்ல, பாதி ரீல் இல்ல. புதுசா எடுத்தா நம்ம ஆளுங்களுக்குத் தெளிவாப் புரியுமுங்ணா" என்றேன்.

"இப்ப என்ன தம்பி புரியாமப் போச்சு?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டீர்கள்.

அண்ணா, அந்த இடத்தில் நான் டீயைக் குடித்திருக்கலாம். "புரிஞ்சுதா? உங்களுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஸ் தெரியாதுங்ணா. கேசட் போட்டுப் பார்த்துட்டேன். நீங்க சொன்ன ஒரு வசனமும் அதுல இல்ல. இத்தன வருசமா எல்லாம் உங்க சொந்தச் சரக்கு" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கடைசி வசனத்தை ஆங்கிலத்திலேயே சொல்லியும் காட்டினேன்.

பேக்கரியே சிரித்தது. "அப்ப ஏனுங்க, நீங்க தனியா ஒரு படம் ஓட்டிட்டு இருந்தீங்ளா?" என்று வீடியோ கடைக்காரர் உங்கள் தோளைத் தட்டினார். நீங்களும் சிரித்தீர்கள். "ஆமாங்க, தெரியாதுங்க" என்றீர்கள். கையிலிருந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைச் சத்தம் வராமல் வைத்தீர்கள். "சரிங்க, நான் வாரேன்." வண்டியை ஸ்டார்ட் செய்ய மறந்து தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனீர்கள். என் பக்கம் கை கொட்டிச் சிரித்தவர்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்து காயில் கம்பி கேட்டீர்கள். அதுவரை 'வா தம்பி, போ கண்ணு' என்று இருந்தவர், "கம்பி வந்துருச்சுங்ளா?" என்றீர்கள். கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி, அழுது, தீர்த்திருப்பேன். நீங்கள் மரியாதை கொடுத்துவிட்டீர்கள். நம் ஊரில் அதற்கு மேல் ஒருவரைத் தள்ளி வைக்க முடியாது. அடுத்த வருடம் பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தமாக வைண்டிங் பட்டறை போட்டுப் போய்விட்டீர்கள். பூஜைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது. எனக்கும் வந்தது, பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' போட்டு.

நான் போகவில்லை. பூஜைக்கு அடுத்த ஞாயிறு தனியாகக் காலைக் காட்சிக்குப் போனேன். எல்லா வசனமும் புரிந்தது. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாண மண்டபத்தில், எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். "சவுக்கியமுங்ளா?" என்றீர்கள். "சவுக்கியமுங்ணா" என்றேன். தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். யாரோ பந்திக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் எனக்கு வழி விட்டு நின்றீர்கள், மூத்தவர் எனக்கு வழி விட்டு. போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். என்ன போட்டார்கள் என்று தெரியாது.

சாவுச் செய்தியும் எனக்குப் பதினாறு நாள் கழித்துத்தான் வந்தது. பெரியநாயக்கன்பாளையம் போனேன். உங்கள் மனைவி, அந்த அக்கா, என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பெயரைச் சொன்னதும், "ஸ்டோர்ஸ் தம்பிங்ளா? வாங்க, உக்காருங்க" என்றார். உங்கள் வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது!

"அவிய எப்பவுஞ் சொல்லுவாங்க. 'எனக்கு இங்கிலீசு ஒண்ணுந் தெரியாது அம்மணி, ஸ்டோர்ஸ் தம்பிக்குத்தான் தெரியும்'னு. சொல்லிப்போட்டு டிவில அந்தக் குதிரைப் படம் வந்தா உக்காந்து எனக்குக் கதை சொல்லுவாங்க. தெரியாமத்தான் சொல்றாங்கன்னு எனக்குந் தெரியுமுங்க. கேக்க நல்லாருக்கும். அதைய எதுக்குக் கெடுக்கறதுன்னு இருந்துட்டேன்."

அக்காவுக்கு முதலிலிருந்தே தெரியும், அண்ணா. தெரிந்துகொண்டே அத்தனை வருடம் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த அன்றிலிருந்து ஒரு மாதம்கூட வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

கடைசி நாளும் ஏதோ ஒரு குதிரைப் படம்தான் ஓடிக்கொண்டிருந்ததாம். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்களாம். "வெள்ளக் குதிரைங்க. ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பொம்பள நிக்கறா. அவ போறாளா, நிக்கறாளான்னு அவிய சொல்றதுக்குள்ள இப்பிடி ஆயிப்போச்சு. மனசுல அதே நிக்குதுங்க. உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியுமே, மீதி என்னாச்சுன்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

எனக்கு அந்தப் படம் தெரியாது. வெள்ளைக் குதிரையும் பாலமும் உள்ள படம் எத்தனையோ இருக்கும். தெரியாதுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடியில்தான், அண்ணா, முதல் படத்தில் உங்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. பிறகு சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பெண் பாலத்தைத் தாண்டினாள், குதிரைக்காரன் அவளுக்காகத் திரும்பி வந்தான், இப்படி ஏதேதோ. கையை ஆட்டிச் சொன்னேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். உங்களைப் போலவே சொல்லப் பார்த்தேன்.

அக்கா கடைசி வரை கேட்டார். தலையை ஆட்டினார். "நல்லாத்தான் சொன்னீங்க தம்பி" என்றார். டிவி பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவிய சொல்றாப்ல இல்லீங்க" என்றார்.

இல்லைதான். அன்று பேக்கரியில் ஜெயித்தது நான் என்று எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. ஒன்றை மறுபடி எடுக்க முடியாது. கதையை வேண்டுமானால் எடுக்கலாம். ஆளை எங்கே போய்க் கொண்டுவருவேன்?

தினமும் அந்தப் பெண்ணைப் பாலத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அண்ணா. அவள் பேசுவதாக நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு ஒரு வசனமும் வரவில்லை.