வெற்றிலை பட்ட சாளரக் கடல்

நலம் சிறக்க. மழை தவறாத குவடு நாட்டின் கோப்பெருந்தேவி வானவி நங்கை, அலைகள் வந்து அடிபணியும் துறைநாட்டை ஆள்பவரும் மரக்கலங்களின் தலைவருமாகிய தமையனார் சேந்தன் கடலரையர் திருமுன்பு விடுக்கும் ஓலை. தங்கள் கரையில் வலைகள் நிறைக. தங்கள் கலங்கள் போன வழியே திரும்பி வருக. இங்கே மலையும் நலம், மன்னரும் நலம். தங்கள் ஓலை வரும்வரை நானும் நலமாகவே இருந்தேன்.

நான் மணமாகி மலையேறிய நாளில் தாங்கள் சீர்வரிசையோடு அனுப்பிய ஓவியர் என் அறைச் சுவரில் எழுதித் தந்த சாளரக் கடலை, எங்கள் சித்திரகாரன் ஆத்தன் மூன்று வண்ணப் பட்டைகளாகப் பூசிக் கெடுத்தான் என்றும், ஒரு படகு எழுதவும் தெரியாத அவன் வலக்கையைக் கொய்து அனுப்புக என்றும், இன்றேல் உப்பு வண்டிகள் மலையேறா என்றும் தங்கள் ஓலையில் பணித்திருந்தீர்கள். மன்னர் தீர்ப்பை என்னிடமே விட்டார்.

கடல் எவ்வாறு கெட்டது என்பதைத் தங்கள் தூதர் சொல்லியிருக்க மாட்டார். கடல் தெரிவதுபோல் சுவரில் எழுதிய அந்தப் பொய்ச் சாளரம் அவ்வளவு மெய்யாக இருந்தது. மழை தூறினால் புதுப் பணிப்பெண்கள் அதைச் சாத்த ஓடுவார்கள். தூதரோ என்னோடு உரையாடியபடியே எழுந்து சென்று, வாய் நிறைந்த வெற்றிலைச் சாற்றைச் சாளரத்துக்கு வெளியே உமிழ்ந்தார். அது வெளியே போகவில்லை. துடைக்கத் துடைக்கப் பரவி, படகும் பாயும் சிவந்துபோயின. அவர் இப்போது ஓவியனைப் பழிப்பது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை.

பிறகே ஆத்தனை அழைத்தோம். தூரிகை தொடுமுன், பிறந்த கடலில் எது நினைவிருக்கிறது என்று கேட்டான். சொல்லத் தொடங்கித் திகைத்தேன், அண்ணா. பாறை எந்தப் பக்கம், புன்னை எங்கே, ஒன்றும் நினைவில்லை. ஈர மணலின் மங்கல், அதன்மேல் ஒரு பச்சை, அதற்கும் மேல் கண் கூசும் வெண்மை, எஞ்சியது அவ்வளவே. அவற்றையே தீட்டினான். பழைய ஓவியர் எழுதிய சாளரச் சட்டத்தையும் அதன் நிழலையும் அவன் தொடவில்லை. அச்சட்டம் இல்லாவிடில் தன் நிறங்களுக்கு நிற்க இடமில்லை என்று பணிந்து விண்ணப்பித்தான்.

நண்பகல் அயர்வில் அதன்முன் சாய்ந்து கிடக்கிறேன். மேகம் வெயிலை மறைத்தால் பச்சை கறுக்கிறது, மணல் பின்வாங்குகிறது. கண் சொருகும் வேளையில் எது நீர், எது வான் என்று தெரிவதில்லை. அறை மெல்ல அசைகிறது. அம்மா கரையில் நின்று பெயர் சொல்லி அழைக்கிறாள். கால்விரல்களுக்கு அடியில் மணல் கரைகிறது. விழித்துப் பார்த்தால் பாதம் உலர்ந்திருக்கிறது. பழைய ஓவியத்துப் படகோ பாய் புடைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றது. அதைக் கண்டு எல்லோரும் மயங்கினார்கள், என்னைத் தவிர. இதைக் கண்டு ஒருவரும் மயங்குவதில்லை, என்னைத் தவிர. மலையேறிய பின் முதன்முறையாக வாய்விட்டு அழுதேன், அண்ணா. அழுது முடித்ததும் நன்றாகப் பசித்தது.

ஆதலால் அறிக: அச்சுவர் உள்ளவாறே இருக்கும். ஆத்தன் என் அடைக்கலம். உப்பு வண்டிகளை விடுக. ஐயம் தீராவிடில் தாங்களே எழுந்தருளி என் அறையில் ஒரு பகல் உறங்குக. தூதர் உடன் வருவதாயின் வெறும் வாயோடு வருக.

படகு எழுதத் தெரியாதவன் என்றீர்கள். இவ்வோலையைப் பிரிக்குமுன், புறத்தே சுறா பொறித்த அரக்கு முத்திரையைப் பெயர்க்கத் தாங்கள் நகத்தால் வெகுநேரம் சுரண்டியிருப்பீர்கள். நூலை அவிழ்த்தாலே போதுமாயிருந்தது. அது அரக்கு அன்று, வெறும் சாயம். தாங்கள் கேட்ட வலக்கை தீட்டியது. அதனையே என் முத்திரையாகக் கொள்க.